"கிச்சுகிச்சு" என்று ஒரு மொழி!

இரவு மணி 9. என்ஜினீயர் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டுகிறார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

அவர் தூங்குகிறார். கம்ப்யூட்டர் தூங்கவில்லை. விடிய விடிய வேலை செய்கிறது. காலையில் அவர் வரும்போது அறிக்கை தயார்!

அது என்ன வேலை?

"சிப்" வரையும் வேலை. செல்போனுக்கு மூளை போன்றது சிப். விரல் நகம் அளவுதான் இருக்கும். 2022-ல் வந்த "ஐபோன் 14 புரோ"வின் சிப்பில் சுமார் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் மிக மிகச் சிறிய சுவிட்சு.

இத்தனை கோடி சுவிட்சுகளைக் கையால் வரைய முடியுமா? அதற்கென்று புரோகிராம்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு யாராவது உத்தரவு போட வேண்டும் அல்லவா?

சுவிட்சுகளை அடுக்கு. கம்பிகளை இணை. மின்சாரம் குறித்த நேரத்தில் போய்ச் சேருகிறதா, பார். தாமதம் இருந்தால் எழுதி வை.

இந்த உத்தரவுகளை வரிசையாக எழுதி வைக்கும் மொழிதான் "டிக்கிள்". ஒரு சிப் முடிவதற்குள் இதே வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனிதன் தட்டினால் எங்காவது கை தவறும். தவறோடு சிப் செய்துவிட்டால் அழித்துத் திருத்த முடியாது. செலவு முழுவதும் வீண்!

வெட்கப்பட்ட பேராசிரியர்

அமெரிக்காவில், பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஜான் அவுஸ்டர்ஹவுட். 1980-களில் அவரும் மாணவர்களும் சிப் வரையும் புரோகிராம்களை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உத்தரவு மொழி. எல்லாம் அரைகுறை. அதை நினைத்து அவருக்கே வெட்கம்!

எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் போதுமே என்று நினைத்தார். 1988-ல் செய்தும் முடித்தார். காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

"கருவிகளுக்குக் கட்டளையிடும் மொழி" என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் "டிக்கிள்". ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கிச்சுகிச்சு மூட்டுவது. பேராசிரியர் குறும்புக்காரர்தான்!

இன்று சிப் வரையும் புரோகிராம்களை விற்கும் பெரிய கம்பெனிகள் சினாப்சிஸ், கேடன்ஸ். இரண்டின் புரோகிராம்களும் டிக்கிள் மொழியில் உத்தரவு வாங்குகின்றன.

வேறு வேலைகளும் உண்டு. பெயரைக் கேட்டு, ரகசியச் சொல்லைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன அல்லவா? மனிதனுக்குப் பதிலாக அவற்றுக்குப் பதில் சொல்ல, 1990-ல் டான் லைப்ஸ் என்பவர் "எக்ஸ்பெக்ட்" என்ற கருவியைச் செய்தார். அதுவும் டிக்கிளை அடிப்படையாகக் கொண்டதுதான்.

செல்போன்களில் தகவல்களைச் சேர்த்து வைக்கும் "எஸ்கியூலைட்" 2000-ல் வந்தது. டிக்கிளுக்குத் துணையாகப் பிறந்த பிள்ளை அது. அதைச் சோதிக்கும் உத்தரவுகளில் பல இன்றும் டிக்கிளில்தான் இருக்கின்றன.

புதியவர்கள் வருகிறார்கள்

இளம் என்ஜினீயர்களுக்கு "பைத்தான்" என்ற மொழிதான் பிடிக்கிறது. படிப்பது சுலபம். டிக்கிளில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் தலைவலி! ஆனால் பல ஆண்டுகளாக எழுதி, சோதித்து, நம்பி வைத்திருக்கும் உத்தரவுகளை யார் தூக்கிப் போடுவார்கள்?

டிக்கிளின் 8-ம் பதிப்பு 1997-ல் வந்தது. 9-ம் பதிப்பு 2024 செப்டம்பரில்தான் வந்தது. 27 ஆண்டு இடைவெளி! புதியதற்கு மாறினால் பழைய உத்தரவுகளில் சிலவற்றைத் திருத்த வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதைத் தொட என்ஜினீயர்களுக்குத் தயக்கம்.