அவள் கையிலேயே ஒரு கவசம்!

எய்ட்ஸ் வராமல் தடுக்க என்ன வழி? ‘ஆணுறை இருக்கிறதே!’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அதைப் போடுவதும் போடாததும் ஆணின் இஷ்டம். வற்புறுத்திக் கேட்க முடியாத பெண் என்ன செய்வாள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர் டாக்டர் குவாரைஷா அப்துல் கரீம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி. ஒரு நோய் யாரை, எந்த வயசில், ஏன் அதிகம் தாக்குகிறது என்று கணக்கெடுத்து ஆராய்வதுதான் இவர் வேலை.

1990-களின் தொடக்கத்தில், நாட்டால் பகுதியில் அவர் எடுத்த கணக்கு அதிர்ச்சி தந்தது. இளம் பெண்களிடம் எச்.ஐ.வி. கிருமி அதிகம், அதே வயசுப் பையன்களிடம் ரொம்பக் குறைவு. அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? வயசில் மூத்த ஆண்களிடமிருந்துதான்! கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வும் இதையே சொன்னது.

சரி, பெண்ணே தன்னைக் காத்துக்கொள்ள ஒரு மருந்து கிடைக்காதா? டெனோஃபோவிர் கலந்த ஜெல் ஒன்றை 889 பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து ஜெல், மீதிப் பேருக்கு வெறும் ஜெல். 2010-ல் முடிவு வந்தது. மருந்து ஜெல் பூசியவர்களிடம் தொற்று 39 சதவீதம் குறைவு!

சந்தோஷம் நீடிக்கவில்லை. 2015-ல் வெளியான வேறொரு பெரிய ஆய்வில் ஜெல் பலன் தரவில்லை. ஒவ்வொரு தடவையும் தவறாமல் பூசிக்கொள்ளப் பலராலும் முடியவில்லை. மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு அது ஒத்துவரணும் என்பது அப்போது புரிந்தது.

இன்று வருஷத்துக்கு இரண்டே ஊசி வந்துவிட்டது. பெயர் லெனகாபாவிர். 2024-ல் முடிவு வெளியான ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. யாருடைய சம்மதமும் வேண்டாம், ஒளித்து வைக்க ஜெல்லும் இல்லை.

இனி இருக்கும் தடை விலைதான். 2025-ல் அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தபோது வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல்! ஏழை நாடுகளுக்காகச் சுமார் 40 டாலரில் தயாரித்துத் தர இந்தியக் கம்பெனிகள் அதே வருஷம் முன்வந்தன. அந்த ஊசி கிராமத்து ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்ந்தால்தான், கவசம் உண்மையிலேயே அவள் கைக்கு வந்ததாக அர்த்தம்.