பேர்மிட்டில் யார் பெயர்?

அணை கட்டினால் நாட்டுக்கு வெளிச்சம் வரும். உண்மைதான். ஆனால், அதற்காக இடம்பெயரும் குடும்பத்திற்குள் யார் எதை இழக்கிறார் என்று நாம் கேட்பது அரிது. நமது ஊவா மாகாணமே இதற்குச் சான்று.

துரித மகாவலித் திட்டத்தில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, ரந்தம்பே, மாதுறு ஓயா அணைகள் எழுந்தன. விக்டோரியா மின்நிலையத்தின் கொள்ளளவு மட்டும் 210 மெகாவாட். மின்சாரம் நாடெங்கும் சென்றது. நீர் பாய்ந்த இடங்களில் மகியங்கனைக்கு அப்பாலிருந்த காடுகள் வயல்களாயின. எஞ்சிய காட்டில் பெரும்பகுதி 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாயிற்று. அங்கு வாழ்ந்த வேடர்களில் பலர் ஹெனானிகலவில் குடியமர்த்தப்பட்டனர். தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டு அசைய மறுத்தார். அவருடைய மகன் 1996 இல் ஜெனீவாவில் ஐ.நா. செயற்குழுவின் முன் தம் மக்களுக்காகப் பேசினார்.

இந்த இழப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. வேட்டையும் தேனும் ஆண்களின் வேலை. கிழங்கும் காய்கனியும் சேர்த்து அன்றாடம் அடுப்பெரிய வைத்தவர்கள் பெண்கள். பல வேடர் குழுக்களில் குலமே தாய்வழியாகச் சென்றதை 1911 இல் செலிக்மன் தம்பதியர் எழுதி வைத்தனர். பூங்கா வந்ததும் அவள் கிழங்கு தோண்டிய காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாயிற்று.

ஈடாகக் கிடைத்தது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும். பேர்மிட் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கே போயிற்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகனுக்கே உரிமை. விதவை மறுமணம் செய்தால் காணியில் அவளுக்கிருந்த உரிமையும் போகும். தாய்வழிக் குலத்தவளும் கணவனின் காணியில் ஒண்டியிருப்பவளானாள்.

2022 இல் இச்சட்டம் ஆண், பெண் வேறுபாடு நீங்கும்படி திருத்தப்பட்டது. நல்லது. ஆனால் ஏற்கெனவே கைமாறிய காணி தானாகத் திரும்பாது.

மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் வீடிழந்த நம் தோட்ட மக்களுக்கும் இது பாடமே. அணையால் பெயர்ந்தாலும் மண்சரிவால் பெயர்ந்தாலும் புதிய வீட்டுக்கு ஒரு பத்திரம் உண்டு. கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவளின் பெயர் அதில் இருக்கிறதா? பின்னுரித்தாளர் யாரென்று எழுதப்பட்டிருக்கிறதா? மாதர் சங்கக் கூட்டங்களில் இவ்விரு கேள்விகளையும் எழுப்புவோம். கையெழுத்திடும் முன்பே கேட்போம்.