சித்திரக் கதையின் வழியே சுனாமிப் பாடம்

அந்தமானின் தலைநகரைச் சேர்ந்த சாத்தம், ஒரு பாலத்தினால் நகரத்துடன் இணைக்கப்பட்ட சிறிய தீவு. 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மரம் அறுக்கும் ஆலையும் படகுத்துறையும் இங்குள்ளன. எப்பக்கம் நோக்கினும் கடல் அண்மையிலேயே இருக்கும். 26-12-2004 அன்று காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய பூகம்பத்தில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலத்தட்டு பிளந்து, அந்தமான் வரை எட்டியது. அதனைத் தொடர்ந்த சுனாமியை இன்று பள்ளியில் பயிலும் மாணாக்கர் எவரும் கண்டதில்லை. ஆகவே அவர்களுக்கு இதனைக் கற்பிக்கும் பொறுப்பு பெரிதும் ஆசிரியரைச் சார்ந்ததாகும்.

இதற்கு உதவக்கூடிய சாதனங்களுள் ஒன்று, இணையத்தின் மூலம் சித்திரக் கதை அமைக்கும் கருவி. கட்டங்களும், பாத்திரங்களும், பின்னணிகளும் இதில் ஆயத்தமாக இருக்கும். மாணாக்கர் அவற்றைத் தேர்ந்து அடுக்கி, பேச்சுக் குமிழ்களில் வசனம் எழுதுவர். முன்பு தீவுகள் இணையத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தன. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பி 10-8-2020 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே, வகுப்பறையில் இத்தகைய கருவியைக் கையாள்வது எளிதாயிற்று.

சுனாமியைப் பற்றி ஆறு கட்டங்களில் ஒரு கதை அமைக்குமாறு கூறினால், ஒவ்வொரு கட்டத்திற்கும் அடுத்தது யாது என்பதை மாணாக்கரே தீர்மானிக்க நேரும். கட்டுரை எழுதும்போது மறைந்துவிடும் பிழை இங்கே வெளிப்படும். ஆழ்கடலிலேயே மலைபோன்ற அலையை ஒருவர் வரையலாம். உண்மையில், ஆழ்கடலில் சுனாமி ஆகாய விமானத்தின் வேகத்தில் சென்றாலும், அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவே. கரையை நெருங்கும்போதுதான் அது உயர்கிறது. கடல் பின்வாங்கிய பிறகே மக்கள் ஓடுவதாக மற்றொருவர் காட்டலாம். இது ஆபத்தான பிழை. சில சமயங்களில் கடல் பின்வாங்காமலே நீர் ஏறிவிடும். கடற்கரையில் பலத்த அதிர்ச்சி நெடுநேரம் நீடித்தால், அதுவே எச்சரிக்கை. உடனே மேட்டுநிலத்தை அடைய வேண்டும். ஐதராபாத்திலுள்ள சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் 2007 முதல் பணியாற்றி வருகிறது. ஆயினும் பூகம்பம் அருகிலேயே நேர்ந்தால், அறிவிப்பு வந்து சேருமுன் அலை வந்துவிடக் கூடும்.

கருவியைத் தெரிவு செய்யுமுன் ‘கொ’, ‘நௌ’ போன்ற எழுத்துக்களை அதில் அடித்துப் பார்ப்பது நல்லது. தமிழை ஏற்காத கருவிகளில் கொம்பு தனியே பிரிந்து நிற்கும். அல்லது வெறும் பெட்டிகள் தோன்றும். கணக்கை ஆசிரியர் தம் பெயரிலேயே தொடங்குதல் வேண்டும். மாணாக்கரின் பெயர், புகைப்படம் முதலியவற்றை அதில் பதியலாகாது. கதையை முதலில் தாளில் வரைந்து கொண்டால், இருக்கும் சில கணினிகளே வகுப்பு முழுவதற்கும் போதுமானவை. ஆயத்தமாக உள்ள கடற்கரைப் படங்கள் பெரும்பாலும் அயல்நாட்டு உல்லாசக் கரைகளையே காட்டுகின்றன. அவற்றைவிடச் சாத்தம் பாலத்தின் படமொன்றைப் பின்னணியாக இடுவது மேல். தாம் எந்த வழியே, எந்த மேட்டுக்குச் செல்வது என்ற கேள்வி அப்போது தானாகவே எழும்.

கடைசிக் கட்டத்தில் பலர், எல்லோரும் வீடு திரும்புவதாகக் காட்டுவர். சுனாமி ஒரே அலையன்று. பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டுப் பல அலைகள் வரலாம். முதல் அலையைவிடப் பின்னது பெரிதாகவும் இருக்கலாம். எனவே எத்தனை மணி நேரத்திற்குப் பின், யாருடைய அறிவிப்பைக் கேட்டுத் திரும்பினர் என்பதை அக்கட்டத்தின் குமிழிலேயே எழுதுமாறு ஆசிரியர் கேட்கலாம்.