குதிரையின் இரத்தம் வரையும் வெள்ளைக் கோடு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கோடைக்காலத்துச் சனிக்கிழமைக் காலை ஒன்றை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். ஊருக்கு வெளியே பரந்த மைதானம். அன்று அங்கே குதிரைக் கண்காட்சியும் போட்டியும். வாயிலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் குதிரையை ஏற்றிய இழுவைப் பெட்டி ஒன்று.

உங்கள் வயதுள்ள ஒரு பெண் தன் குதிரையுடன் வந்திருக்கிறாள். ஓராண்டாகப் பழக்கிய குதிரை. அதன் மேனி எண்ணெய் தடவியது போல் மின்னுகிறது. வாயிலில் நிற்பவர் முதலில் கேட்பது நுழைவுச் சீட்டை அன்று, வேறொரு தாளை. அதில் ஒரு குதிரையின் படம் கோடுகளால் வரையப்பட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பின்னங்கால் ஒன்றில் வெள்ளை. அவர் தாளையும் குதிரையையும் மாறி மாறிப் பார்க்கிறார், அடையாளங்கள் பொருந்துகின்றன. பிறகு தேதியைப் பார்க்கிறார். இரத்தம் எடுத்து பதின்மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. "குதிரையை இறக்க வேண்டாம், திரும்பிப் போகலாம்" என்கிறார்.

பெண்ணின் கண்கள் கலங்குகின்றன. "என் குதிரைக்கு ஒரு நோயும் இல்லையே! பார்த்தால் தெரியவில்லையா?" என்று கேட்கிறாள்.

இந்தக் காட்சி நம் கற்பனைதான். ஆனால் இத்தகைய தாளும் அதைக் கேட்கும் விதியும் உண்மையானவை. பார்த்தால் தெரியாதா என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு விடை தேடிப் போனால், உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் விரவலில் போய் நிற்போம்.

பார்த்தால் தெரியாத நோய்

அந்தத் தாள் குறிப்பிடும் நோய்க்குக் குதிரைத் தொற்று இரத்தச்சோகை என்று பெயர். 1843இல் பிரான்சு நாட்டில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1904இல் வாலே, காரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர், நோயுற்ற குதிரையின் இரத்தத்திலிருந்து பெற்ற நீர்மத்தை நுண்ணிய வடிகட்டியில் செலுத்தினர். பாக்டீரியாக்கள் வடிகட்டியில் தங்கிவிட்டன. ஆயினும், வடிந்து வந்த நீர்மம் நோயை உண்டாக்கியது. ஆகவே, நோய்க்குக் காரணம் பாக்டீரியாவைவிடச் சிறியது என்று தெரிந்தது. அதுவே வைரஸ்.

இவ்வைரஸ் மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி.யின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மனிதருக்கு இது நோய் தருவதில்லை. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவையே இதற்கு இலக்கு. உடலில் நுழைந்ததும் தன் மரபுச் செய்தியை அவ்விலங்கின் உயிரணுக்களின் மரபுப் பொருளோடு கோத்துவிடுகிறது. அதனால், ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுவதும் தொற்றியதுதான். நோயை நீக்கும் மருந்து கிடையாது.

சில குதிரைகளுக்குக் கடும் காய்ச்சல் வரும்; இரத்தம் குன்றும்; கால்களும் வயிற்றின் அடிப்பகுதியும் வீங்கும்; சில மாண்டும் போகும். ஆனால் பல குதிரைகள் தேறிவிடுகின்றன. தேறிய குதிரை ஓடும், உண்ணும், மேனி மினுமினுக்கும். உள்ளேயோ வைரஸ் இருந்துகொண்டே இருக்கும். மற்ற குதிரைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் இத்தகைய குதிரையால்தான்.

ஈயும் ஊசியும்

இரத்தத்தில் உள்ள வைரஸ் அடுத்த குதிரைக்கு எப்படிச் செல்கிறது? குதிரை ஈ என்னும் பெரிய ஈ ஒரு வழி. கொசு ஊசியைப் போல் குத்தி உறிஞ்சும். குதிரை ஈயோ கத்தரிக்கோல் போன்ற வாயுறுப்புகளால் தோலை வெட்டிக் கசியும் இரத்தத்தை நக்குகிறது. வலி தாங்காத குதிரை தோலைச் சிலிர்க்கும், வாலால் அடிக்கும். பாதி உணவில் விரட்டப்பட்ட ஈ, பக்கத்தில் நிற்கும் குதிரையின்மேல் போய் அமர்ந்து மீதியை முடித்துக் கொள்ளும். வாயில் ஒட்டிய ஈர இரத்தம் புதிய காயத்தில் படுகிறது. ஈயின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. சிறிது நேரத்திலேயே அழிந்துவிடுகிறது. எனவே, ஈ வெறும் சுமைகூலியே.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. அடுத்த குதிரை தொலைவில் இருந்தால் ஈ அங்கே போவதைவிட, முதல் குதிரையிடமே திரும்புவது எளிது. நோயுள்ள குதிரையை மற்றவற்றிலிருந்து 200 கெஜம், அதாவது ஏறத்தாழ 180 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியின் அடிப்படை இதுவே. கண்காட்சி மைதானத்திலோ நூற்றுக்கணக்கான குதிரைகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன!

மற்றொரு வழி மனிதனே. ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் பயன்படுத்தினால், ஈயின் வாயில் ஒட்டும் இரத்தத்தைப் போலப் பல மடங்கு இரத்தம் குதிரைக்குக் குதிரை மாறுகிறது. அயர்லாந்தில் இந்நோய் 2006இல் முதன்முதலாகத் தோன்றிப் பல குதிரைகளைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த, வைரஸ் கலந்த குதிரைப் பிளாஸ்மாவைக் குட்டிகளுக்குச் செலுத்தியதே தொடக்கமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஒரு குதிரையைக் கொண்டு மற்றொன்றை அறிதல்

நோயை மறைத்து வைத்திருக்கும் குதிரையைக் கண்டுபிடிப்பது எப்படி? முன்னர் இருந்த உறுதியான வழி கொடியது. ஐயத்திற்குரிய குதிரையின் இரத்தத்தை நல்ல குதிரை ஒன்றின் உடலில் செலுத்தி, அதற்குக் காய்ச்சல் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இப்படிச் செய்ய முடியுமா?

1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெராய் காகின்ஸ் என்ற அறிஞரும் அவருடைய உடன் ஆய்வாளரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். இதற்கு வேண்டியவை ஒரு கண்ணாடித் தட்டு, சிறிது அகர் கூழ், சில துளி சீரம், ஒருநாள் பொறுமை. இன்றும் குதிரை வளர்ப்போர் இதைக் 'காகின்ஸ்' என்றே அழைக்கிறார்கள். வாயிலில் கேட்ட தாள் இச்சோதனையின் முடிவுதான்.

கூழுக்குள் ஒரு சந்திப்பு

அகர் உங்களுக்குப் புதியதன்று. நோன்புக் காலத்தில் பல வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் 'கடல்பாசி' இனிப்பு அதுவே. இராமேசுவரம், மண்டபம் கடற்பகுதிகளில் எடுக்கும் பாசிகளிலிருந்தும் அகர் செய்கிறார்கள். இதன் கூழில் 100 பங்கில் 99 பங்கு தண்ணீர். ஒரு பங்கே அகர். அந்த ஒரு பங்கு வலைபோல் பின்னி நீரை ஓடவிடாமல் நிறுத்துகிறது. ஆகையால், கூழுக்குள் குலுக்கலும் இல்லை, நீரோட்டமும் இல்லை. மூலக்கூறுகள் தம் வெப்ப இயக்கத்தால் மட்டுமே நகர முடியும். இதுவே தூய விரவல்.

தட்டில் கூழை ஊற்றி உறைய வைத்து, ஏழு வட்டக் குழிகள் வெட்டுகிறார்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. ஒவ்வொன்றின் விட்டம் 5.3 மி.மீ.; இடைவெளி 2.4 மி.மீ. நடுக்குழியில் வைரசின் உட்புறப் புரதம் ஒன்றை இடுகிறார்கள். சுற்றியுள்ள குழிகளில், ஒன்றுவிட்டு ஒன்றில் நோயுள்ளது என்று முன்பே அறிந்த குதிரையின் சீரம். எஞ்சிய மூன்றில் சோதிக்க வேண்டிய மூன்று குதிரைகளின் சீரம்.

வைரஸ் தாக்கிய உடல் அதனை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்குகிறது. இவற்றிற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். எதிர்ப்பொருள் மூலக்கூறுக்கு இரண்டு கைகள் உண்டு. நடுக்குழியிலிருந்து வைரஸ் புரதமும், வெளிக்குழியிலிருந்து எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று நோக்கி விரவுகின்றன. சந்திக்கும் இடத்தில் எதிர்ப்பொருள் ஒவ்வொரு கையாலும் ஒவ்வொரு புரதத்தைப் பற்றுகிறது. அப்புரதத்தை வேறோர் எதிர்ப்பொருள் பற்றுகிறது. இப்படிக் கைகோத்துக் கைகோத்துப் பெரிய வலையாகி, மேலும் நகர இயலாமல் அங்கேயே படிகின்றன. அந்தப் படிவு கண்ணுக்கு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

சோதிக்கும் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அதன் கோடு பக்கத்துக் குழியின் அறிந்த கோட்டோடு வளைந்து இணைந்து ஒரே கோடாகிவிடும். இல்லாவிட்டால், அறிந்த கோடு சோதனைக் குழியை நோக்கி வளையாமல் போய் முடியும். பக்கத்திலேயே சான்றுக் கோடு இருப்பதால், சோதனை சரியாக நடந்ததா என்பதும் உடனே தெரிந்துவிடும்.

குழிகளை ஏன் இவ்வளவு நெருக்கமாக வெட்ட வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். விரவலில் ஒரு மூலக்கூறு t நேரத்தில் ஒரு திசையில் நகரும் சராசரித் தொலைவு x எனில், ஏறத்தாழ x² = 2Dt. எதிர்ப்பொருளுக்கு D சுமார் 0.00004 ச.மி.மீ./நொடி. இடைவெளியில் பாதியான 1.2 மி.மீ. செல்ல, t = 1.44 ÷ 0.00008 = 18,000 நொடி; அதாவது 5 மணி. கோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மூலக்கூறுகள் திரள மேலும் நேரம் வேண்டும். அதனால் 24 மணி, 48 மணி கழித்துப் பார்க்கிறார்கள். இடைவெளியைப் பத்து மடங்காக்கினால் நேரம் பத்து மடங்கு ஆகாது. நூறு மடங்கு ஆகும்! 5 மணி 500 மணியாகி, மூன்று வாரம் காத்திருக்க நேரும்.

தாள் சொல்வதும் சொல்லாததும்

இப்போது வாயிலுக்குத் திரும்புவோம். "இந்த நாளில் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்படவில்லை" என்பதே அத்தாள் சொல்லும் செய்தி. இன்று நோய் இல்லை என்று அது சொல்லவில்லை. தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் தோன்றச் சில குதிரைகளுக்கு 60 நாள் வரை ஆகலாம். இரத்தம் எடுத்த மறுநாளே தொற்றியும் இருக்கலாம். நாள் ஆக ஆகத் தாளின் மதிப்பு தேய்கிறது. எனவேதான் பல மாநிலங்கள் 12 மாதம் என்றும், சில இடங்கள் 6 மாதம் என்றும் எல்லை வகுத்துள்ளன. தாளைக் காட்டி வேறு குதிரையைக் கொண்டு வருவதைத் தடுக்கவே சுட்டியையும் கால் நிறத்தையும் ஒப்பிடுகிறார்கள். இப்போது பல குதிரைகளின் கழுத்தில் 15 இலக்க எண் கொண்ட நுண்சில்லையும் பொருத்திச் சரிபார்க்கிறார்கள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இப்போது எலைசா என்னும் விரைவுச் சோதனையும் இருக்கிறது. அது மிகக் குறைந்த எதிர்ப்பொருளையும் காட்டும். ஆனால் சில சமயம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும். கணக்குக்காக, ஒரு இலட்சம் குதிரைகளில் 5 குதிரைகளுக்கே நோய் என்று கொள்வோம். சோதனை ஆயிரத்துக்கு ஒரு நல்ல குதிரையைத் தவறாகக் காட்டினால், 100 குதிரைகள்மீது வீண் பழி விழும். காட்டப்பட்ட 105இல் உண்மை 5 மட்டுமே! நோய் உறுதியானால் குதிரையைக் கொல்ல வேண்டும். அல்லது ஆயுள் முழுவதும் தனியே அடைத்து வைக்க வேண்டும். இத்தகைய தீர்ப்பை ஒரே சோதனையை நம்பி வழங்கலாமா? ஆகவே, எலைசா காட்டியதைக் காகின்ஸ் சோதனையால் உறுதி செய்கிறார்கள். அதன் பின்னும், அரசு சார்பில் மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

இத்தனை தொல்லைக்கும் பலன் உண்டா? அமெரிக்காவில் 1972இல் சோதிக்கப்பட்ட குதிரைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 நோயுற்றிருந்தன. இன்று பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. தடுப்பூசியால் வந்த வெற்றியன்று இது. சோதித்ததாலும் பிரித்ததாலும் வந்தது. நம் நாட்டில், அரியானா மாநிலம் ஹிசாரில் 1985இல் தொடங்கப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இச்சோதனையைச் செய்து வருகிறது.

ஆகவே, வாயிலில் நின்றவர் அந்தப் பெண்ணின் சொல்லைப் பொய் என்று கருதவில்லை. அவளுடைய கண்ணுக்கும் தம் கண்ணுக்கும் எட்டாத ஒன்றைக் கேட்டார், அவ்வளவே. அந்த விதிதான் அவளுடைய குதிரையையும் மைதானத்தின் மற்ற குதிரைகளிடமிருந்து காக்கிறது.

செய்து பாருங்கள்

கடைகளில் கிடைக்கும் கடல்பாசியைச் சிறிது வெந்நீரில் காய்ச்சி, சோதனைக் குழாயில் முக்கால் அளவு ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்ததும் மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பேனா மை ஊற்றுங்கள். நிறம் இறங்கிய ஆழத்தை 1 மணி, 4 மணி, 9 மணி கழித்து அளந்து குறித்துக் கொள்ளுங்கள். ஆழங்கள் ஏறத்தாழ 1 : 2 : 3 என்று வருகின்றனவா? நேரத்துக்கும் தொலைவுக்கும் வரைபடம் வரைந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். குதிரையின் உயிரைத் தீர்மானிக்கும் அந்த வெள்ளைக் கோட்டுக்கும் இதே விதிதான்.