பச்சிளம் குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து: நம் வரிப்பணத்தில் விளைந்த பாதுகாப்பு



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கானவையும் உண்டு. கடும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டு, உடலில் நீர் வற்றி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பைத்துல்மாலிலிருந்து நம்மால் இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால், "ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. போலியோ சொட்டு மருந்தைக் கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். இது வேறு மருந்து. அரசு இதை இலவசமாகவே தருகிறது.

ரோட்டா என்பது என்ன?

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ் இது. கை, பாத்திரம், விளையாட்டுப் பொருள் வழியாக வாய்க்குள் போகிறது. சுத்தமாக இருக்கும் வீட்டிலும் வரும். இந்த வைரஸை அழிக்கும் மருந்து கிடையாது. ஆண்டிபயாடிக் இதற்குப் பயன்படாது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

அரசு மருத்துவமனையில் கிடைத்த விடை

டெல்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், அதாவது எய்ம்ஸ், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1956-இல் உருவானது. சிகிச்சை, மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி மூன்றும் அங்கே ஒரே வளாகத்தில் நடக்கின்றன. 1980-களின் நடுவில், அங்கு பிறந்த சில குழந்தைகளின் உடலில் ரோட்டா வைரஸ் இருந்தும் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதை மருத்துவர் மகராஜ் கிஷன் பானும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தபோது, பின்னாளிலும் ரோட்டா அவர்களை அவ்வளவாகத் தாக்கவில்லை. தீங்கு செய்யாத அந்த வைரஸ் வகைதான் பிறகு 'ரோட்டாவேக்' என்ற சொட்டு மருந்தானது.

இதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. லாபம் வருமா என்று தெரியாமல் எந்த வியாபாரியும் அத்தனை காலம் முதல் போட்டுக் காத்திருக்க மாட்டார். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் தந்தது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி அமைப்பும் சில அறக்கட்டளைகளும் துணை நின்றன. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் மருந்தைத் தயாரித்தது. அரசுக்கு ஒரு தவணை ஒரு டாலர் என்ற விலையில் தருவதாக ஒப்புக்கொண்டது. டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இறுதிக்கட்ட ஆய்வு நடந்தது. 2016-இல் நான்கு மாநிலங்களில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017-இல் தமிழகத்துக்கும் ரோட்டா தடுப்பு மருந்து வந்தது.

நாம் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அரசின் கஜானாவுக்குத்தான் போகிறது. எனவே இது யாரோ போடும் தர்மம் அல்ல. நம் பிள்ளைகளுக்கான உரிமை.

முழுப் பாதுகாப்பா?

இல்லை. அந்த ஆய்வில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இம்மருந்து சுமார் 56 சதவீதம் தடுத்தது. பாதிதானே என்று ஒதுக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய நூறு பிள்ளைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வீட்டிலேயே நலமாக இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

எங்கே தவறுகிறது?

மூன்று தவணைகள்: பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில். ஆறு வாரம் என்றால் 42 நாட்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது கழிந்த இரண்டாம் நாள் அது. அந்த நேரம் விருந்து, உறவினர் வருகை, புகுந்த வீட்டுக்குப் புறப்படும் ஏற்பாடு என்று போய்விடுகிறது. தடுப்பூசி அட்டை தாய்வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. அடுத்த தவணைகளும் விடுபடுகின்றன.

ஆகவே நன்னிமார்களுக்கும் வாப்பாமார்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: நாற்பது கழிந்ததும் முதல் பயணம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருக்கட்டும். பெரும்பாலும் புதன்கிழமைகளில் அங்கே தடுப்பூசி போடுகிறார்கள். குழந்தை எந்த வீட்டுக்குப் போனாலும் அட்டையும் கூடவே போகட்டும். எந்த ஊர் சுகாதார நிலையத்திலும் அடுத்த தவணையைப் பெறலாம். நாள் தவறியிருந்தாலும் ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்க முடியும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் 14 நாட்கள் கொடுங்கள். போக்கு நின்றாலும் நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆய்வுக்கு அழைத்தால்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சில நேரம் ஆய்வில் சேரக் கேட்பார்கள். பயந்து ஓடவும் வேண்டாம். படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மறுக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் சிகிச்சை நிற்கக் கூடாது. அந்த 6,799 குழந்தைகளின் பெற்றோர் சம்மதித்ததால்தான் இன்று நம் பிள்ளைகளின் நாவில் இந்தச் சொட்டுகள் விழுகின்றன.

நோய்க்கு மருந்தைத் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். தேடிக் கண்டுபிடித்தவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது நம் பங்கு. ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் சந்ததிகளைக் காப்பானாக. ஆமீன்.