நின்றுபோன பழைய காரை எழுப்பும் முன்…



பசறை, ஹாலி-எல, அப்புத்தளைப் பக்கம் பழைய பங்களா ஷெட்களில் ஒரு மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ தூசி படிந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இவற்றுக்கும் விலை ஏறியது. அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் ஒன்றை வாங்கி ஓட்டலாம் என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அப்படித்தான் வாங்கினார். கொண்டுவந்த அன்றே புது பெட்டரி போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கராஜில் "என்ஜினே போச்சு" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். கழற்றிப் பார்த்தால், இறுகிப்போன வால்வு இரண்டு, வளைந்த புஷ்ராட் இரண்டு. அவ்வளவுதான்!

ஏன் இப்படி ஆகிறது?

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார். 1952க்குப் பின் வந்தவற்றில் நாலு சிலிண்டர், ஹெட்டில் எட்டு வால்வு. என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தேதான் இருக்கும். ஐப்பசி முதல் தை வரை நம்ம மலையில் மழையும் மூட்டமும்தானே! அந்த ஈரக்காற்று சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் உள்ளே போகும். வால்வுத் தண்டு துருப்பிடித்து இறுகும். வால்வு உட்காரும் இடம் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் பெட்டரி வயரைக் கழற்றுங்க. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் என்ஜின் ஒயில் விட்டு இரண்டு நாள் விடுங்க.

2. ஒயில் குச்சியைப் பாருங்க. பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட் வெடித்தும் இருக்கலாம்.

3. டெப்பட் கவரைத் திறந்து, ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்க. எட்டு வால்வும் கீழே போய்த் திரும்ப மேலே வர வேண்டும். போனது வராவிட்டால் அதுதான் இறுகிய வால்வு. பலவந்தம் பண்ணாதீங்க, துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுங்க.

4. எல்லாம் அசைந்தால் டெப்பட் இடைவெளியைச் சரி பண்ணுங்க. குளிர்ந்த என்ஜினில் அது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு.

5. இனி ஒயிலை மாற்றி, பெட்டரியைப் பூட்டி, கம்பிரஷன் கேஜ் வைத்துப் பாருங்க. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்க. அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான். நடுவில் உள்ள 2ஆம் 3ஆம் சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், இடையில் கேஸ்கட் ஊதியிருக்கிறது என்று சந்தேகப்படுங்க.

6. இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்துக் காது கொடுங்க. கார்புரேட்டரில் 'உஸ்' என்றால் உள்வாங்கும் வால்வு. சைலன்சரில் என்றால் புகை வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது வெடிப்பு.

காசு கொடுக்கும் முன்

வால்வு ஒழுகினால் ஹெட்டைக் கழற்றி வால்வை கிரைண்ட் பண்ணினாலே பல நேரம் போதும். என்ஜின் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கழற்றிய ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா, அடிப்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. இன்னொன்று: 2002க்குப் பின் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. அதனால் பழைய இரும்பு ஹெட்டில் புகை வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். ஹெட் வெளியே இருக்கும்போதே கடினமான வளையம் போட்டுக்கொள்வது நல்லது.

எந்த சிலிண்டர், என்ன அளவு என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்க. அளவோடு பேசுபவரை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. அப்பா கொழுந்து மூட்டை சுமந்து சேர்த்த பணம் அது. இரண்டு நாள் பொறுத்தால் அது மிஞ்சும்.