ஒரு பானைச் சோறும் ஒரு கோப்பையும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர் நம் முன்னோர். அடுப்பங்கரையில் அது உண்மையே. ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த அரிசி அல்லவா! ஆனால், ஒரு கோப்பையை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் கால்பந்து வலிமையை அளந்துவிட முடியுமா? ஆராய்வோம்.

முதலில் ஐரோப்பா. அங்கு ஒவ்வொரு நாட்டிலும் கழகங்கள் தமக்குள் லீக் போட்டிகளில் ஆடுகின்றன. முன்னணியில் வருபவை ஐரோப்பியக் கோப்பைக்காகப் பிற நாட்டுக் கழகங்களுடன் மோதுகின்றன. 1956 முதல் 2025 வரை ஸ்பெயின் நாட்டுக் கழகங்கள் அக்கோப்பையை 20 முறை வென்றன. இங்கிலாந்துக் கழகங்கள் 15 முறை. அப்படியானால் ஸ்பெயின்தான் வலியதா?

சற்றுப் பொறுங்கள். ஸ்பெயினின் 20 கோப்பைகளில் 15 ரியல் மாட்ரிட் வென்றவை. மற்ற 5 பார்சிலோனா வென்றவை. இங்கிலாந்தின் 15 கோப்பைகளையோ ஆறு கழகங்கள் பகிர்ந்துகொண்டுள்ளன: லிவர்பூல் 6, மான்செஸ்டர் யுனைடெட் 3, செல்சி 2, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 2, ஆஸ்டன் வில்லா 1, மான்செஸ்டர் சிட்டி 1.

ஆகவே ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு வேறொரு கணக்குப் போடுகிறது. வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என ஒரு நாட்டுக் கழகங்கள் எல்லாம் பெறும் புள்ளிகளைக் கூட்டி, கழகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கிறது. 2025-இல் முடிந்த ஐந்தாண்டுக் கணக்கில் இங்கிலாந்துக்கு முதலிடம்; ஸ்பெயினுக்கு மூன்றாமிடம். உயரத்தில் ஸ்பெயின், அகலத்தில் இங்கிலாந்து எனலாம்.

இனி நம் நாட்டு மகளிர் கால்பந்துக்கு வருவோம். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்றது. 2019-இல் இந்திய மகளிர் லீக் இறுதியில் நம் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தியது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையைப் பெற்றது. மகிழ்ச்சியே! எனினும், 2024-25 வரை மணிப்பூர் அதே தேசியக் கோப்பையை 23 முறை வென்றுள்ளது.

வியப்பு என்னவென்றால், 2016-17-இல் நடந்த முதல் லீக்கை வென்ற மணிப்பூர்க் கழகங்கள், அதன்பின் 2024-25 வரை அதை வெல்லவில்லை. காரணம் யாது? கழகத்தில் எந்த ஊராரும் ஆடலாம். சேது அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆடினார். மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்திற்கே சென்றார். நம் நாமகிரிப்பேட்டை மஞ்சள் எந்தச் சந்தையில் விலைபோனாலும், விளைந்த மண் நம் மண்தானே! கழகக் கோப்பை சந்தையைக் காட்டுகிறது. மாநிலக் கோப்பை மண்ணைக் காட்டுகிறது.

ஆகவே வலிமையை அளக்க மூன்று கேள்விகள் வேண்டும். எவ்வளவு உயரம் எட்டினர்? எத்தனை அணிகள் எட்டின? ஆட்டக்காரர்கள் எங்கு விளைந்தனர்?

அன்புப் பெற்றோரே, பத்தாம் வகுப்பு வந்ததும் மாணவியரின் விளையாட்டு நேரம் பல இடங்களில் பாட நேரமாகிவிடுகிறது. அங்கேதான் மண் வறள்கிறது. ஊருக்கொரு பள்ளியில் பதினொரு பெண்கள் மாலையில் பந்தைத் துரத்தட்டும். தமிழ்நாட்டின் மூன்றாவது கோப்பைக்கு நாற்றங்கால் அதுவே.